ஹேவ்லாக் நார்த்: குளோரினே வேண்டாம்னு இருந்த ஊருக்கு குளோரின் வந்த கதை

நியூசிலாந்தோட வடக்குத் தீவுல ஹாக்ஸ் பே பக்கம் ஹேவ்லாக் நார்த்னு ஒரு சின்ன ஊர், ஜனத்தொகை சுமார் 14,000 தான், தே மாட்டா மலை அடிவாரத்துல இருக்கு, சுத்திலும் திராட்சைத் தோட்டம், பழத்தோட்டம், செம்மறி ஆடு மேயுற புல்வெளி. தண்ணி சப்ளை ஹேஸ்டிங்ஸ் மாவட்ட கவுன்சில் கையில. 2016 ஆகஸ்ட்ல இந்த ஊர் குழாய்த் தண்ணியில கேம்பைலோபாக்டர்ங்கற கிருமி கலந்து ஆயிரக்கணக்கானவங்க நோய்ல படுத்தாங்க, அந்தக் கதைதான் இது. 2016 ஆகஸ்ட் வரைக்கும் இந்த ஊர்ல போர்ல (ஆழ்துளைக் கிணத்துல) இருந்து ஏத்துன தண்ணி அப்படியே குழாய்க்குப் போச்சு. ஃபில்டர் இல்ல, கிருமி கொல்ற யூவி (புற ஊதா ஒளி) இல்ல, குளோரின் இல்ல. காசு இல்லாம இல்ல, அசட்டையும் இல்ல, எங்க தண்ணிக்கு எதுவும் தேவையில்லைங்கற பெருமைதான் காரணம்.

இந்தப் பெருமை அந்த ஒரு ஊருக்கு மட்டும் இல்ல. பக்கத்துல ஹேஸ்டிங்ஸ், நேப்பியர், தெற்குத் தீவுல கிரைஸ்ட்சர்ச் மாதிரி பெரிய நகரமே வருஷக்கணக்கா குளோரின் போடாம நிலத்தடித் தண்ணிய குடிச்சிட்டு இருந்தாங்க. அதுக்கு விதியும் இடம் குடுத்துச்சு. நியூசிலாந்து குடிநீர் தர விதியில அப்போ "செக்யூர் போர்"னு ஒரு அந்தஸ்து இருந்துச்சு. சமீபத்துல மேல இருந்து இறங்குன தண்ணி நிலத்தடித் தண்ணியில கலக்கலைன்னு காட்டணும், போரோட தலைப்பு (குழாயோட மேல்முனை) சரியா மூடியிருக்கணும், டெஸ்ட்ல ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டுற கிருமி) வரக்கூடாது, இந்த மூணும் இருந்தா அந்த போர் செக்யூர், ட்ரீட்மென்ட் பண்ணாமலே சப்ளை பண்ணலாம். படிக்கும்போது நியாயமாத்தான் தெரியும். ஆனா மூணுமே நேத்து வரைக்கும் நிலைமை எப்படி இருந்துச்சுன்னு சொல்ற விஷயம், நாளைக்கு மழை பெஞ்சா என்ன ஆகும்னு இதுல ஒண்ணுகூட சொல்லாது. இந்த கேஸோட மொத்தச் சிக்கலும் இங்கதான் இருக்குங்கறது என் கணக்கு.

ஊருக்கு தண்ணி வந்தது ப்ரூக்வேல் ரோட்ல இருந்த போர்கள்ல இருந்து. 1, 2, 3னு நம்பர். 3ம் நம்பர் போர்ல 2015லயே ஈ.கோலை வந்து அதை நிறுத்தி வெச்சிட்டாங்க, 1ம் 2ம் ஓடிட்டு இருந்துச்சு. அந்த ரெண்டு போருக்கும் தலைப்பு தரைமட்டத்துக்குக் கீழ ஒரு தொட்டிக்குள்ள இருந்துச்சு. பக்கத்துல ஆட்டுப் புல்வெளி. சுமார் 90 மீட்டர் தள்ளி மாங்காடெரெடெரேன்னு ஓடையை ஒட்டி ஒரு குட்டை. தே மாட்டா நிலத்தடி நீர்ப்படுகைக்கு மேல களிமண் மூடி இருக்கு, மேல இருந்து எதுவும் கீழ இறங்காதுன்னு நம்பிக்கை. அந்த மூடி எல்லா இடத்துலயும் ஒரே கனமா இருக்குன்னு யார் சொன்னது? குட்டை இருந்த இடத்துல மேல் தண்ணிக்கும் கீழ் தண்ணிக்கும் தொடர்பு இருந்துச்சு. பம்ப் இழுக்கிற இழுவையில குட்டைத் தண்ணி படுகைக்குள்ள இறங்கி போருக்கு வர வழி இருந்துச்சு.

இதுல எனக்கு ஜீரணிக்க முடியாத பகுதி என்னன்னா, இது முதல் தடவை இல்ல. 1998லயே இதே ஊர்ல, இதே ப்ரூக்வேல் போர் தண்ணியால, இதே கிருமியால ஜனங்க படுத்தாங்க. பதினெட்டு வருஷத்துல ஆள் மாறி, ஃபைல் மாறி, அந்த ஞாபகம் யார் தலையிலயும் இல்லாம போயிடுச்சு. பின்னால நடந்த விசாரணையும் இதை நேராவே சொல்லுச்சு, 1998ல இருந்து யாரும் பாடம் கத்துக்கலைன்னு.

2016 ஆகஸ்ட் 5, 6 தேதியில பெரும் மழை. ஆகஸ்ட்னா அங்க குளிர்காலம். புல்வெளியில கிடந்த ஆட்டுப் புழுக்கை மழைத் தண்ணியோட ஓடி குட்டையில சேந்துச்சு, குட்டையில இருந்து படுகை வழியா 1ம் நம்பர் போருக்கு வந்துச்சு, போர்ல இருந்து வீட்டுக் குழாய்க்கு வந்துச்சு. தலைப்பு இருந்த தொட்டிக்குள்ள வெள்ளம் புகுந்து நேரா போர்ல இறங்கியிருக்கலாம்னு இன்னொரு வழியையும் விசாரணையில பாத்தாங்க, ஆனா குட்டை வழிதான் அதிக சாத்தியம்னு முடிவுக்கு வந்தாங்க. நோயாளிங்க கிட்ட எடுத்த கிருமி, தண்ணியில எடுத்தது, பக்கத்து ஆடுங்க கிட்ட எடுத்தது எல்லாத்தையும் மரபணு வெச்சு ஒப்பிட்டுப் பாத்ததுல ஒத்துப் போச்சு.

கிருமி பேரு கேம்பைலோபாக்டர். கோழி, ஆடு, மாடு குடல்ல அதுபாட்டுக்கு இருக்கும், பெரும்பாலும் அதுங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. மனுஷன் வயித்துல போனா ரெண்டுல இருந்து அஞ்சு நாள் கழிச்சு வயித்துப்போக்கு, வயித்துவலி, காய்ச்சல். இந்த ரெண்டு டு அஞ்சு நாள்ங்கறதை கவனிங்க. மழை 5, 6ல. அதுக்கு அப்புறம் அசுத்தத் தண்ணி குழாய்க்குள்ள வந்து, ஜனங்க குடிச்சு, உள்ள அது பெருகி, ஸ்கூல்ல பசங்க வராம போயி, டாக்டர் கிட்ட கூட்டம் கூடி, யாருக்கோ சந்தேகம் வர்றதுக்குள்ள ஒரு வாரம் ஓடிடும். லேப் டெஸ்ட்டும் உடனே வராது. ஈ.கோலை டெஸ்ட்ல கிருமிய வளர விட்டுத்தான் பாக்கணும், சுமார் ஒரு நாள் ஆகும். அதாவது ரிசல்ட் கைக்கு வர்றப்போ அந்தத் தண்ணி ஏற்கனவே காபி போட்டு குடிச்சு, சோறு வடிச்சு, பல் தேச்சு முடிஞ்சிருக்கும். டெஸ்ட்ல கெட்டதுன்னு வந்தா அப்புறம் மருந்து போட்டுக்கலாம்ங்கற திட்டம் எந்த ஊர்லயும் ஜெயிக்காது, ஏன்னா அந்த திட்டத்துல ஊர் ஜனங்கதான் டெஸ்ட் ட்யூப்.

ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. அன்னைக்குத்தான் தண்ணி மேல சந்தேகம் உறுதி ஆச்சு, அன்னைக்கே சப்ளையில குளோரின் ஏத்த ஆரம்பிச்சாங்க, சாயந்திரம் கொதிக்க வெச்சு குடிங்கன்னு அறிவிப்பு போச்சு. ஆனா கவுன்சில் கிட்ட இந்த மாதிரி நேரத்துக்குன்னு உருப்படியான அவசரத் திட்டம் தயாரா இல்ல, அறிவிப்பு வாசகம்கூட முன்கூட்டி எழுதி வைக்கல. முதியோர் இல்லத்துக்கு யார் போன் பண்றது, ஸ்கூலுக்கு யார் சொல்றது, இதெல்லாம் அந்த நேரத்துல யோசிக்க வேண்டியதாப் போச்சு. ஸ்கூல்களை மூடுனாங்க. கொதிக்க வைக்கிற அறிவிப்பு செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் நீடிச்சுது.

கணக்கு என்னன்னா, முதல்ல சொன்னது 5,500 பேருக்கு நோய், 45 பேர் ஆஸ்பத்திரியில, மூணு சாவுக்கு இது ஒரு காரணமா இருந்திருக்கலாம்னு. பின்னால விரிவா பண்ணுன ஆய்வுல நோய்ப்பட்டவங்க 6,260ல இருந்து 8,320 வரைக்கும் இருக்கும்னும், குறைஞ்சது நாலு சாவுன்னும், கில்லன் பாரே வந்தவங்க மூணு பேர்னும் சொன்னாங்க. கில்லன் பாரேங்கறது கிருமிய அடிக்கப் போன நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி குழம்பிப் போயி சொந்த நரம்பையே தாக்குறது, கை கால் செயலிழந்து போற அளவுக்குப் போகும். வயித்துப்போக்குதானே, நாலு நாள்ல சரியாயிடும்னு சொல்றவங்களுக்காக இதைச் சொல்றேன். பண நஷ்டம் சுமார் 2.1 கோடி நியூசிலாந்து டாலர்னு கணக்குப் போட்டாங்க. குளோரினை அளந்து விடுற ஒரு டோசிங் பம்பும் ஒரு ஹைப்போ (குளோரின் கரைசல்) டேங்க்கும் அதுக்கு முன்னால எந்த மூலைக்கு?

சரி, குளோரின் என்ன பண்ணுது. தண்ணியில கலந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆகுது, அதுதான் கிருமியோட தோலுக்குள்ள புகுந்து அடிக்கிறது. அதுல ஒரு பகுதி ஹைப்போகுளோரைட் அயனியா பிரியும், அதுக்கு வீரியம் ரொம்பக் கம்மி. எது எவ்வளவுங்கறத பிஎச் (தண்ணியோட அமில, காரத் தன்மை) தீர்மானிக்குது. பிஎச் 7ல முக்கால்வாசிக்கு மேல நல்ல வடிவத்துல இருக்கும், 8 ஆச்சுன்னா கால்வாசி தேறுனாலே பெருசு. அதனால பிஎச் பாக்காம குளோரின் மட்டும் அளந்து போடுறவங்க பாதி வேலைதான் செய்றாங்க. அப்புறம் நேரம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது, பிஎச் 8க்குக் கீழ இருக்கணும், குறைஞ்சது 30 நிமிஷம் தண்ணியும் குளோரினும் சேந்து இருக்கணும், அதுக்கு அப்புறமும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிக்கணும். கடைசி வீட்டுக் குழாய்ல 0.2ஆவது இருக்கணும். மேல் வரம்பு 5.

போடுற அளவு வேற, மிச்சம் நிக்கிற அளவு வேற, புதுசா ஆரம்பிக்கிற இடத்துல எல்லாரும் தடுக்கி விழுறது இங்கதான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வேணும்னா ஒரு லட்சம் லிட்டர் டேங்க்குக்கு 100 கிராம் குளோரின். 12 சதவீத ஹைப்போன்னா சுமார் 830 மில்லி, 33 சதவீத பிளீச்சிங் பவுடர்னா சுமார் 300 கிராம். கணக்கு அவ்வளவு சுலபம். ஆனா அந்த 1 மில்லிகிராம்ல எவ்வளவு குழாய் முனைக்குப் போய்ச் சேரும்? தண்ணியில இருக்கிற இரும்பு, மாங்கனீசு, அம்மோனியா, மக்குன குப்பை எல்லாம் முதல்ல தன் பங்கை எடுத்துக்கும், மிச்சம் இருந்தாத்தான் கிருமிக்கு. ஹைப்போவே கேன்ல இருக்க இருக்க வீரியம் இறங்கும், அதுவும் வெயில்ல வெச்சா சீக்கிரம் இறங்கிடும், ஆறு மாசம் முன்னாடி வாங்குன கேன் மேல ஒட்டியிருக்கிற 12ஐ நம்பி அளந்தா கணக்கு எங்கயோ போயிடும்.

வருஷக்கணக்கா குளோரினே பாக்காத குழாய்ல முதல்முறையா அதை விடும்போது இன்னொரு கூத்தும் நடக்கும். குழாயோட உள்சுவர்ல வழவழன்னு ஒரு படலம் வளந்திருக்கும், நுண்ணுயிர், மண்ணு, மாங்கனீசு எல்லாம் சேந்தது. குளோரின் பட்டதும் அது உரிஞ்சு தண்ணியில வரும். கரைஞ்சிருந்த மாங்கனீசும் ஆக்சிஜனேற்றம் ஆகி பழுப்பாவோ கருப்பாவோ துகள் துகளா விழும். பக்கத்து நகரம் நேப்பியர் இதுல நல்லா மாட்டுச்சு. அங்க 2017ல குளோரின் போட ஆரம்பிச்சாங்க, அதுக்கு அப்புறம் வருஷக்கணக்கா பழுப்புத் தண்ணி புகார். வெள்ளைத் துணி துவைக்கப் போட்டவங்களுக்கு கறையோட திரும்ப வந்துச்சு. ஜனங்க பார்வையில குளோரின்தான் தண்ணியக் கெடுத்துச்சு. நல்லா இருந்த தண்ணி, மருந்து போட்டதும் சேறு மாதிரி வருதுன்னா வேற என்ன நினைப்பாங்க? உண்மையில அந்த அழுக்கு ஏற்கனவே குழாய்க்குள்ளதான் இருந்துச்சு, குளோரின் அதை வெளிய கொண்டு வந்துச்சு. இதைச் சொல்லி சமாதானப்படுத்துறது கஷ்டம். குளோரின் போடுறதுக்கு முன்னாடியே குழாய்களை பகுதி பகுதியா அதிக வேகத்துல தண்ணி விட்டு அலசணும், மாங்கனீசு அதிகமா வர்ற போரை அடையாளம் கண்டு ஒதுக்கணும், இத்தனை வாரம் கலங்கலா வரும்னு வீட்டுக்கு வீடு சொல்லணும். அவசரத்துல ஆரம்பிக்கிற ஊருக்கு இது எதுக்கும் நேரம் இருக்காது, ஹேவ்லாக் நார்த்தோட வெள்ளிக்கிழமை மாதிரி.

எதிர்ப்பு பத்தி கொஞ்சம் நியாயமாவும் பேசணும். ருசி மாறுறது நிஜம். ருசியே இல்லாத தண்ணி குடிச்சுப் பழகுனவங்களுக்கு 0.5 மில்லிகிராமே நீச்சல் குளம் மாதிரி இருக்கும் (நீச்சல் குள வாசனைங்கறதே பெரும்பாலும் சுத்தமான குளோரின் வாசனை இல்ல, வியர்வை, மூத்திரத்துல இருக்கிற நைட்ரஜன் சரக்கோட குளோரின் சேந்து வர்ற குளோரமின், அது தனிக்கதை). மீன் தொட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு நிஜமாவே பிரச்சனை, குளோரின் மீன் செவுளைத் தாக்கும். வீட்டுல டயாலிசிஸ் பண்றவங்களுக்கு உயிர்ப் பிரச்சனை, ஏன்னா டயாலிசிஸ்ல ஒரே தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல தண்ணி ரத்தத்துக்கு அந்தப் பக்கம் ஓடும், குளோரின், குளோரமின் இருந்தா சிவப்பணு உடையும். அந்த வீட்டுக்கெல்லாம் குளோரின் போடுறதுக்கு முன்னாடியே தகவல் போகணும், மறுநாள் இல்ல. புற்றுநோய் பயம் சொல்றவங்க ட்ரைஹாலோமீத்தேன் பத்திச் சொல்றாங்க, குளோரின் இலைதழை மக்குன சத்தோட சேந்தா வர்ற துணைப்பொருள். அது உண்மையா இருக்கிற விஷயம்தான், வரம்பும் இருக்கு. ஆனா ஆத்துத் தண்ணியில இருக்கிற அளவுக்கு அந்தச் சத்து சுத்தமான போர் தண்ணியில இருக்காது, அதனால உருவாகுறதும் ரொம்பக் குறைவா இருக்கும். என்னைக் கேட்டா, இந்த பயத்தைச் சொல்றவங்கள முட்டாள்னு பேசுன அதிகாரிங்கதான் விஷயத்தைக் கெடுத்தாங்க. ஜக்ல பிடிச்சு ஃபிரிட்ஜ்ல திறந்து வைங்க, வாசனை போயிடும், கார்பன் ஃபில்டர் போட்டா இன்னும் நல்லதுன்னு முதல் நாளே சொல்லியிருந்தா பாதி சண்டை குறைஞ்சிருக்கும்.

குளோரின் மட்டும் போட்டாப் போதும்னு நினைக்கிறவங்களுக்கும் ஒண்ணு. கேம்பைலோபாக்டர் குளோரினுக்கு சீக்கிரம் செத்துடும், அந்த ஊர் குழாய்ல அன்னைக்கு கொஞ்சம் குளோரின் மிச்சம் நின்னிருந்தாலே இந்தக் கதை வேற. ஆனா கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு, கெட்டி ஓட்டுக்குள்ள இருக்கும், குடிக்கிற தண்ணியில போடுற அளவு குளோரினை அது கண்டுக்கவே கண்டுக்காது. அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல 1993ல அதனால சுமார் 4,03,000 பேர் படுத்தாங்க, அது ஃபில்டரும் குளோரினும் ரெண்டும் இருந்த சப்ளை. அதனாலதான் மேல் தண்ணி கலந்திருக்கும்னு சந்தேகம் வந்துட்டா குளோரின் போட்டதுக்கு அப்புறமும் கொதிக்க வைக்கச் சொல்றது, பயமுறுத்துறதுக்கு இல்ல. கிரிப்டோவுக்கு யூவி வேணும். ஆனா யூவி விளக்கைத் தாண்டுன தண்ணிக்கு அப்புறம் எந்தக் காவலும் இல்ல, வழியில குழாய் உடைஞ்சு சாக்கடை உள்ள இழுத்தா யூவி ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டும் வேணும், ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து இல்ல.

அப்புறம் குளோரின் வெச்சிருந்தும் ஏமாந்த ஊர் உண்டு. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல வாக்கர்டன், 5,000 பேர்கூட இல்லாத ஊர், 2000 மே மாசம். அங்கயும் பெருமழை, அங்கயும் பக்கத்துப் பண்ணைச் சாணம், அங்கயும் ஆழமில்லாத கிணறு. குளோரின் கருவி இருந்துச்சு, ஆனா தேவையான அளவு போடல, மிச்ச அளவை தினமும் அளக்காமலே ரெஜிஸ்டர்ல 0.5, 0.75னு எழுதி வெச்சாங்க. ஏழு பேர் செத்தாங்க, 2,300 பேர் படுத்தாங்க. ஒழுங்கா அளந்திருந்தா குளோரின் மிச்சம் பூஜ்யத்துக்கு இறங்குனத அன்னைக்கே பாத்திருக்கலாம், ஏன்னா அழுக்குத் தண்ணி உள்ள வந்தா குளோரினை முழுசா தின்னுடும். ஈ.கோலை ரிசல்ட்டுக்கு ஒரு நாள் காத்திருக்கணும், குளோரின் மிச்சத்தை ஒரு சின்ன கிட்ல ரெண்டு நிமிஷத்துல பாத்துடலாம், ஆன்லைன் மீட்டர் வெச்சா நொடிக்கு நொடி தெரியும். கிருமியக் கொல்ற வேலைய விட இந்த மணியடிக்கிற வேலைக்காகவே ஒரு சின்ன ஊர் குளோரின் போடலாம்னு நான் சொல்வேன். குளோரின் இல்லாத ஊர்ல அந்த மணியே இல்ல, முதல் அலாரம் டாக்டர் கிளினிக்ல கூடுற கூட்டம்தான்.

ஹேவ்லாக் நார்த் விஷயத்துக்கு அரசு விசாரணைக் குழு போட்டுச்சு, லின் ஸ்டீவன்ஸ்ங்கற வழக்கறிஞர் தலைமை. முதல் அறிக்கை 2017 மே, என்ன நடந்துச்சு யார் யார் எங்க சறுக்குனாங்கன்னு. மாவட்ட கவுன்சில், வட்டார கவுன்சில், குடிநீர் மேற்பார்வை பண்ண வேண்டிய அதிகாரிங்க, யாரையும் விடல. தண்ணி எடுக்க பர்மிட் குடுக்கிற வட்டார கவுன்சிலும் தண்ணி சப்ளை பண்ற மாவட்ட கவுன்சிலும் ஒழுங்கா பேசிக்கறதே இல்லைங்கறதையும் போட்டு உடைச்சாங்க. ரெண்டாவது அறிக்கை 2017 டிசம்பர், அது நாடு முழுக்க. பாதுகாப்பானதுன்னு நிரூபிக்க முடியாத சப்ளையில 7,59,000 பேர் தண்ணி குடிக்கிறாங்கன்னு அதுல வந்தப்போதான் இது ஒரு ஊர் பிரச்சனை இல்லைன்னு எல்லாருக்கும் உறைச்சுது. செக்யூர் போர்ங்கற அந்தஸ்தையே எடுங்க, தலைப்பு தரைக்குக் கீழ இருக்கிற மாதிரி புது போர் போட விடாதீங்க, எல்லா சப்ளையிலும் ட்ரீட்மென்ட் கட்டாயம் ஆக்குங்க, தனியா ஒரு ஒழுங்குமுறை அமைப்பு வைங்கன்னு பரிந்துரை. அப்படி வந்ததுதான் டௌமாட்டா அரோவாய், 2021 நவம்பர்ல பொறுப்பு எடுத்துச்சு. அதே வருஷம் வந்த தண்ணிச் சேவைச் சட்டம், குழாய் வழியா சப்ளை பண்றவங்க குளோரின் மாதிரி குழாய் முழுக்க மிச்சம் நிக்கிற மருந்து போட்டே ஆகணும், வேண்டாம்னா விலக்கு கேட்டு வாங்கிக்கணும்னு சொல்லுது.

சண்டை இப்போ அந்த விலக்கு மேலதான். கிரைஸ்ட்சர்ச்ல 2018ல போர் தலைப்பெல்லாம் சரியில்லைன்னு தெரிஞ்சு தற்காலிகமா குளோரின் போடுறோம்னு ஆரம்பிச்சாங்க, தற்காலிகம் நீண்டுக்கிட்டே போச்சு. குளோரின் வேண்டாம்னு சொல்றவங்க எல்லாரும் கையில வெச்சிருக்கிற உதாரணம் நெதர்லாந்து, அங்க குழாய்ல குளோரின் மிச்சம் இல்லாமலே நாடே தண்ணி குடிக்குது. உண்மைதான். ஆனா அங்க குழாய் ஒழுகுறது ரொம்பக் கம்மி, அழுத்தம் எப்பவும் இறங்காது, தண்ணி குழாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே அடுக்கடுக்கா சுத்திகரிப்பு நடக்குது. அந்த வேலைய எல்லாம் முடிச்சிட்டு குளோரினை எடுக்கிறது ஒரு விஷயம், அந்த வேலைக்கு பதிலா குளோரினை எடுக்கிறது வேற விஷயம். நேப்பியர் கவுன்சில் குளோரின் இல்லாம ஓட்ட என்ன ஆகும்னு ஒரு ஆய்வே பண்ணிப் பாத்துச்சு, குழாய் மாத்துறதுல இருந்து ஆரம்பிச்சு பெரும் செலவும் பல வருஷ வேலையும்னு வந்துச்சு. அதுக்கு நடுவுல குளோரின் பிடிக்காதவங்க கேன்ல பிடிச்சிட்டுப் போக குளோரின் நீக்குன தண்ணிக்கு ஊருக்குள்ள பொதுக் குழாய் வெச்சாங்க. வீட்டுக் குழாய்ல குளோரின் ஓடிட்டு இருக்கு.